குடலுக்கு ஓய்வு

திண்டுக்கல்,
23.1.86, இரவு.

அன்புள்ள செல்வி,

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலில் எழுதிவிடலாம் என்று மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் விடும் முறை. நாலு நாளைக்கு ஒருதரம், அதுவும் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் வரும். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கயலும் அவரும் உள்ளே தூங்குகிறார்கள். இன்லண்ட் லெட்டரில் அடங்காது என்று தெரிந்துதான் கவர் வாங்கி வைத்தேன்.

உன் பொங்கல் வாழ்த்தும் அதனுள் வைத்திருந்த கடிதமும் போகி அன்றைக்கே கிடைத்தன. ஆறாவது மாதம் என்று எழுதியிருந்தாய். வாசித்துவிட்டு அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். உன் கல்யாணத்தில் நீ பந்தியில் நின்று ஒவ்வொரு இலையிலும் கீரை விழுந்ததா என்று பார்த்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தக் கடிதத்தில் நீ கேட்டிருந்த ஒரு கேள்வியைத்தான் நான் பத்து நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இங்கே மெட்ராஸ் ஆபீசில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், தமிழ்மதி, நீ இரண்டு பெற்றவள், எதைச் சாப்பிடணும் எதை விடணும் என்று எனக்கு எழுது என்று கேட்டிருந்தாய். மெட்ராஸில் உட்கார்ந்து ஊர் முழுக்க என்ன சாப்பிடணும் என்று நோட்டீஸ் எழுதுகிறவள் நீ. நீ என்னைக் கேட்கிறாய். முதலில் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு பெற்றவள் என்று எழுதியதற்கு நன்றி செல்வி. இங்கே யாரும் இரண்டு என்று சொல்வதில்லை.

கயலுக்கு இந்த மாதம் பதினெட்டோடு ஒன்பது மாதம் முடிந்தது. உட்காருகிறாள். சுவரைப் பிடித்து எழப் பார்க்கிறாள். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால், அந்தச் சட்டையிலிருக்கும் வெங்காய வாசத்துக்கே கையை நீட்டுகிறாள். முகத்தைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல மாட்டாய். சட்டையைக் கழற்றினால்தான் தெரியும். விலா எலும்பு எண்ணலாம்.

நாங்கள் இருப்பது டவுனுக்கு வெளியே, பஞ்சாயத்து எல்லையில். அதனால் எங்கள் தெருவும் ஊட்டச்சத்து மையத்துக்குள் வருகிறது. மையத்தில் ஒச்சம்மாள் என்று ஒரு பெண். எட்டாவது வரை படித்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், நல்ல சுறுசுறுப்பு. மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் துணித் தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் பிள்ளையைக் கொண்டு போவதே இல்லை. நிறுத்தால் கண்பட்டுவிடும், பிள்ளை வளராது என்பார்கள். நான் உன்னோடு மனையியல் படித்தவளாயிற்றே, வீடு வீடாகப் போய் அவர்களிடம் வாதாடி நானே நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திருக்கிறேன். ஆனால் கயலைக் கொண்டு போகவில்லை. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஏதாவது சாக்கு. சளி, ஊருக்குப் போகணும், மழை. முள் எந்த இடத்தில் நிற்கும் என்று என் கைக்கே தெரிந்திருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒச்சம்மாள் தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். உத்தரத்தில் மாட்டி நிறுத்தாள். ஆறு கிலோ முந்நூறு. செப்டம்பரில் கடைசியாக நிறுத்தபோதும் ஆறு முந்நூறுதான். அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு இழுத்தாள். மேலே ஏற வேண்டிய கோடு, பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. கோடு ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் மையத்தில் தினம் ஒரு சத்துருண்டை கொடுப்பார்கள், உனக்குத் தெரியாததா, உங்கள் ஆபீஸ் போட்ட விதிதான். ஒச்சம்மாள் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்.

“அக்கா, நீங்க தானே எல்லாருக்கும் சொல்லுவீக. உங்க பிள்ளைக்கா உருண்டை எழுத?”

எழுது என்றேன்.

இது எப்படி ஆயிற்று என்று நீ கேட்பாய். வீட்டில் இல்லாமையா? அவர் கமிஷன் மண்டியில் வேலை பார்க்கிறார், காய்க்குக் குறைவே இல்லை. பால் இருக்கிறது. முட்டை இருக்கிறது. நான் படித்ததும் இருக்கிறது. படித்ததுதான் அதிகமாக இருக்கிறது.

என்னிடம் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. பத்திரிகையில் குழந்தை உணவு பற்றி எது வந்தாலும் வெட்டி அதில் ஒட்டுவேன். ரேடியோவில் மகளிர் நிகழ்ச்சியில் டாக்டரம்மா யாராவது பேசினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து குறிப்பெடுப்பேன். அவர் அதை என் சட்டப் புத்தகம் என்பார். அதில் பார், ஆறு மாதத்தில் மஞ்சள் கரு கொடு என்று ஒரு பக்கம். ஒரு வயதுக்கு முன் முட்டையை வாயில் வைக்காதே என்று மூன்று பக்கம் தள்ளி. மஞ்சள் கரு வேண்டாம் வெள்ளைக் கரு கொடு, வெள்ளைக் கரு வேண்டாம் மஞ்சள் கரு கொடு, இரண்டும் இருக்கிறது. வாழைப்பழத்தைப் போல் உண்டா என்று ஒரு பத்திரிகை எழுதியது, மறு வருஷம் அதே பத்திரிகை வாழைப்பழத்தால் கபம் கட்டும் என்று எழுதியது. பருப்புத் தண்ணீரில்தான் சத்து என்றார்கள். இப்போது பருப்புத் தண்ணீரில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர், பருப்பைத்தான் மசித்துக் கொடுக்கணும் என்கிறார்கள். தண்ணீரைப் பத்து நிமிஷம் கொதிக்க வை. இல்லை இருபது. ரொம்பக் கொதித்தால் உப்புச்சத்துப் போய்விடும்.

டாக்டரையாவது நம்பலாம் என்றால், டவுனில் நாங்கள் எப்போதும் பார்க்கிற டாக்டர், மூத்தவன் இனியன் பிறந்தபோது தாய்ப்பால் போதாது, டின் பால் சேருங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். கயலுக்கு நானாகவே நாலாம் மாதம் அதே டின்னை வாங்கினேன். போய்க் காட்டினால், யாரம்மா உன்னை டின் கொடுக்கச் சொன்னது, படிச்சவதானே நீ என்று சத்தம் போட்டார். அதே நாற்காலி, அதே மேஜை. நீங்கள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டின்னை நிறுத்தினேன். அதற்குள் எனக்கும் பால் குறைந்துவிட்டிருந்தது.

இப்படித்தான் செல்வி. நான் ஒன்றையும் தவறாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தினேன். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும், அதை நிறுத்திவிடுவேன். கொடு என்று பத்துப் பேர் சொன்னாலும் என் காதில் விழாது, கொடுக்காதே என்ற ஒருவர் குரல்தான் விழும். கடைசியில் அவள் தட்டில் அரை இட்லியும் கொஞ்சம் பாலும்தான் மிஞ்சின. அந்தப் பாலிலும் பாதி தண்ணீர், எருமைப்பால் குழந்தைக்குக் கனம் என்று எங்கேயோ படித்திருந்தேன்.

பொங்கலுக்கு அவருடைய அக்கா சரஸ்வதி நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்திருந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கியவர் அவள் விலாவைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏனம்மிணி, அதுல எழுதியிருக்கறதப் பிள்ளைக்கு ஊட்டுனா வயிறு நெறையுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அவரே சமாதானமும் சொன்னார். ஊருக்குக் கிளம்பும்போது நெய்ச் செம்பை அடுக்களையில் வைத்துவிட்டுப் போனார். குழந்தைக்கு நெய் கூடுமா கூடாதா என்று அன்றிரவே நோட்டைப் புரட்டினேன் என்றால் நீ நம்புவாயா?

இந்த வீட்டில் இவர் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. எதையாவது குடு, ஆனா குடு என்று ஒரே ஒருதரம் சொன்னார், அதையும் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அவர் ஏன் அதற்குமேல் சொல்வதில்லை என்பதைத்தான் எழுத வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும் எழுதிக்கொண்டு வருகிறேன்.

இனியன் போன செய்தி கேட்டதும் நீ தந்தி கொடுத்தாய். பிறகு நாலு பக்கம் எழுதினாய். வயிற்றுப்போக்கில் போய்விட்டான், ஆஸ்பத்திரியில் காப்பாற்ற முடியவில்லை என்று மட்டும் நான் பதில் போட்டேன். அது பொய் இல்லை. ஆனால் அதற்கு முந்தின ஒரு பகலையும் ஒரு இரவையும் நான் யாருக்கும் எழுதவில்லை.

எண்பத்துநாலு மே மாதம், கத்தரி வெயில். அவனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். காலையிலிருந்து போக ஆரம்பித்தது. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, பாலை நிறுத்துங்கள், வயிறு காயட்டும் என்றார். அவர் அவ்வளவுதான் சொன்னார். நான்தான் வீட்டுக்கு வந்து பரண்மேல் இருந்த காலேஜ் நோட்டுகளை இறக்கினேன். இரண்டாம் வருஷம் எனக்கு அம்மை போட்டு ஒரு மாதம் வகுப்புக்கு வராமல் இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதத்துப் பாடம் முழுக்க உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். ஹாஸ்டலில் எல்லோரும் உன் நோட்டைத்தான் பார்த்து எழுதுவோம், முத்து முத்தாக இருக்கும். எனக்குக் கை வலிக்கிறது என்று கடைசிப் பக்கங்களை மட்டும் நீயே எழுதிக் கொடுத்தாய். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டிருந்தாய். முதல் இருபத்துநாலு மணி நேரம் குடலுக்கு ஓய்வு. வாய்வழியாக எதுவும் தரலாகாது. அதற்கும் ஒரு அடிக்கோடு. அது பரீட்சையில் வந்தது. நான் எழுதினேன். முழு மார்க்கு.

நான் ஓய்வு கொடுத்தேன் செல்வி.

அவனுக்கு அப்போது நாலு வார்த்தை தெரியும். அம்மா, அப்பா, காக்கா, தண்ணி.

ஜக்கம்மாள் என்று அடுத்த போர்ஷனில் இருப்பவள், பூக்கட்டி விற்பவள், அன்றைக்கு மூன்றுதரம் வந்தாள். பிள்ளை நாக்கு வறண்டு போச்சு தாயி, சோறு வடிச்ச கஞ்சியில ரெண்டு கல்லு உப்பப் போட்டுக் குடு என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவளுடைய மூன்றாவது பிள்ளைக்கு இதே மாதிரி வந்தபோது வயிற்றில் சூடு போட்டவள் அவள். அந்தத் தழும்பை நானே பார்த்திருக்கிறேன். நான் இதைப் படித்திருக்கிறேன், நீ போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி இவர் வந்தார். பிள்ளை பானையைப் பார்த்துப் பார்த்துக் கையைக் காட்டினான். ஒரு வாய் குடேன் தமிழு, கேக்குறானே என்றார். நான் அவரிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத மாட்டேன். அவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். ஈரத்துணியால் அவன் உதட்டைத் துடைத்தேன். அந்தத் துணியை அவன் விடவில்லை.

விடியும்போது கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. அப்புறம் கிடைத்தது. அப்புறம் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை இவர் அந்த ஒரு வாயைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. கோபத்தில்கூட இல்லை. பேசியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

போன தீபாவளிக்கு நீ எழுதியிருந்தாய், வயிற்றுப்போக்கு நோட்டீஸில் இருக்கும் வாசகம் அத்தனையும் என்னுடையது, டைரக்டரே பாராட்டினார், உங்கள் மையத்துக்கு வந்தால் பார் என்று. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் வந்தது. தராசோடு வந்த அன்று ஒச்சம்மாள் அதை எங்கள் கதவிலேயே கஞ்சிப்பசை போட்டு ஒட்டிவிட்டுப் போனாள். தாய்மார்களே, வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நீர் நிறையக் கொடுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், அரிசிக்கஞ்சி, இளநீர் கொடுங்கள். நீரை நிறுத்தினால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. நாலே வரி. உன் எழுத்துத்தான், படித்ததும் தெரிந்தது. அச்சில்கூட நீ அடிக்கோடு போட வைத்திருக்கிறாய்.

கதவைத் திறக்கும்போதும் சாத்தும்போதும் அதைப் பார்க்கிறேன். கிழிக்கவும் முடியவில்லை.

ஏழு நாள் சத்துருண்டை கொடுத்தேன். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் கயல் ஆசையாகச் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குப் போக ஆரம்பித்தது. உருண்டையில்தான் என்று நான் சொல்லவில்லை. தண்ணீராக இருக்கலாம், பல் முளைக்கிற நேரமாக இருக்கலாம். நாலாவது தரம் போனபோது நான் தனியாக இருந்தேன். இவர் ஐந்து மணி பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தார்.

வீட்டில் உன்னுடைய இரண்டு எழுத்தும் இருந்தன. காலேஜ் நோட்டைப் பரணிலிருந்து இறக்கி வந்து, நோட்டீஸ் ஒட்டிய கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றில் ஒரு சொட்டுக் கொடுக்காதே என்கிறாய். இன்னொன்றில் கொடுக்காவிட்டால் செத்துவிடும் என்கிறாய். இரண்டிலும் உறுதியாக இருக்கிறாய். போன தடவை நான் சொன்னதை மறந்துவிடுங்கள், அது தப்பு என்று இதில் ஒரு வரி இருக்கிறதா என்று கீழே அச்சக விலாசம் வரைக்கும் தேடினேன். இல்லை. நீ மட்டும் இல்லை, யாருமே அப்படிச் சொல்வதில்லை. டாக்டர் சொல்லவில்லை, பத்திரிகை சொல்லவில்லை, ரேடியோ சொல்லவில்லை. நேற்று வேறு ஒன்று சொன்ன ஞாபகமே யாருக்கும் இல்லை. கேட்டவளுக்கு மட்டும்தான் இருக்கிறது.

நோட்டீஸ் சரி என்றால், நான் என் கையால் என்ன செய்தேன்? நோட்டு சரி என்றால், இவளுக்கு இப்போது என்ன செய்வேன்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவள் அழுதது ஜக்கம்மாள் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. வந்தாள். இந்தத் தடவை கேட்கவில்லை, கெஞ்சவில்லை. என் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். பின்னாலேயே போனேன். அவள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கஞ்சியை வடித்து, ஆற்றி, உப்புப் போட்டு, சங்கில் ஊற்றினாள். நான் வாசற்படியில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“நீ இப்பவும் வேணாம்னு சொன்னீன்னா நிறுத்திர்றேன். சொல்லு.”

நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. அவள் ஊட்டினாள். சாயங்காலம் வரைக்கும் செத்த நேரத்துக்கு ஒருதரம் ஊட்டிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் பூக்கட்டப் போகவில்லை. மறுநாள் மத்தியானம் கயலுக்கு நின்றுவிட்டது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், பயப்படாதே.

ஜக்கம்மாள் சொன்னதெல்லாம் வேதம் என்று நினைத்துவிடாதே. பிள்ளைக்கு நின்றதும் அவளே, தொடையில ஒரு சூடு போட்டுட்டா இனி வராது தாயி என்று மஞ்சள் கொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை நான் தடுத்தேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான், கஞ்சியும் சூடும். ஒன்று சரியாக இருந்தது அவள் அறிவு இல்லை, அவள் கைக்கு வந்த அதிர்ஷ்டம். எனக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை, நான் படித்துச் செய்தேன்.

செவ்வாய் இரவு மண்டியிலேயே தங்கிவிட்டு நேற்று இவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கஞ்சி கொடுத்ததால் நின்றது என்று சொன்னபோது என் குரல் எப்படி இருந்ததோ, அவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கயலைத் தூக்கிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

உனக்கு என்ன சாப்பிடணும் என்று கேட்டாயே. என் சட்டப் புத்தகத்தில் உனக்கும் எட்டுப் பக்கம் இருக்கிறது, அனுப்ப மாட்டேன். பசித்தால் சாப்பிடு. பிடிக்கவில்லை என்றால் யார் சொன்னாலும் சாப்பிடாதே. மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொள். பிள்ளை பிறந்த பிறகு யாராவது ஒன்றை நிறுத்தச் சொன்னால், எத்தனை நாளாக இப்படிச் சொல்கிறீர்கள், இதற்கு முன்னால் என்ன சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டு நிறுத்து. அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நான் படித்ததில் மிஞ்சியது.

உன்மேல் எனக்குக் கோபமா என்று கேட்டால், செவ்வாய்க்கிழமை இருந்தது. இப்போது இல்லை என்று சொல்ல முடியவில்லை, குறைந்திருக்கிறது. நீ வகுப்பில் சொன்னதை எழுதினாய். எனக்குக் கை வலித்தது என்று எழுதிக் கொடுத்தாய். நான் வகுப்பில் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன், அடிக்கோடும் போட்டிருப்பேன். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் ஒன்று தெரிய வேண்டும். இந்தக் கடிதமே அதற்குத்தான். அந்தப் பாடம் எந்த வருஷம் மாறியது செல்வி? நீ இருப்பது அந்த இடத்தில்தான், அங்கே பழைய புத்தகங்கள் இருக்கும், கேட்டால் சொல்லுகிறவர்கள் இருப்பார்கள். எண்பத்துநாலு மே மாதத்துக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் அன்றைக்கு யாருக்குமே தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. முன்னால் என்றால், நாம் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோதே யாருக்கோ தெரிந்திருந்தது, நமக்கு வந்து சேரவில்லை. இரண்டில் எதைக் கேட்டால் நான் தூங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். உன் மனதை நோகச் செய்ய அல்ல. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் இனி உனக்கு நான் எழுதும் எதுவும் நிஜமாக இருக்காது.

குழாயில் காற்று வரும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் வரப்போகிறது. முடித்துவிடுகிறேன்.

நாளைக் காலையில் கயலுக்குக் குழைந்த சோற்றில் பருப்பை மசித்து, அவருடைய அக்கா வைத்துவிட்டுப் போன நெய்யை விட்டு நானே ஊட்டப் போகிறேன். முட்டையும் கொடுக்கப் போகிறேன். திரும்பவும் போக ஆரம்பித்தால் உன் நோட்டீஸில் இருப்பதுபோல் கஞ்சி கொடுப்பேன், தண்ணீர் கொடுப்பேன், அவள் போதும் என்கிற வரைக்கும் கொடுப்பேன். யாரைக் கேட்டும் நிறுத்த மாட்டேன். ஒவ்வொரு சங்கு கொடுக்கும்போதும் இனியனைப் பற்றி எதை ஒப்புக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் கொடுப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். படி ஏறும்போது மெதுவாக ஏறு. வீட்டுக்காரருக்கு எங்கள் அன்பைச் சொல். உன் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, கேட்டதெல்லாம் கேட்ட நேரத்தில் கிடைத்து வளர வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

ஆறுதல் எழுத வேண்டாம். அந்த வருஷத்தை மட்டும் எழுது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுது. எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு.

உன்,
தமிழ்மதி.